வீட்டில் டி அண்ட் டி: முதல் ஆட்டத்தை நடத்துவது எப்படி?

அமெரிக்கத் தொடர்களில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டிவிட்டுக் கூச்சல் போடும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மேசைமேல் ஆட்டப் பலகை இருக்காது. யார் ஜெயித்தார்கள் என்பதும் தெரியாது. அந்த ஆட்டம் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸாக இருக்கும்; விளையாடுகிறவர்கள் டி அண்ட் டி என்பார்கள். அதை வீட்டுக் கூடத்தில் நடத்த என்ன தேவை, நடத்துகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஒருமுறைகூட விளையாடியதில்லை என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

ஆட்டம் நடக்கும் விதம் எளிது. ஒருவர் நடத்துகிறார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்று பெயர். மற்ற மூன்று நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: வாள் வீசும் ஃபைட்டர், மந்திரம் படித்த விசார்ட், பூட்டைத் திறக்கும் ரோக், காயம் ஆற்றும் கிளெரிக். டிஎம் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, "என்ன பண்றீங்க?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் தன் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். கதவைத் திறப்பது போன்ற சாதாரணக் காரியம் என்றால் சொன்னபடி நடந்துவிடும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் இருந்தால் பகடை உருட்ட வேண்டும். விளைவை டிஎம் சொல்வார். அதனால் ஒரு புதிய நிலைமை உண்டாகும். மறுபடி அதே கேள்வி. மூன்று மணி நேரமும் இப்படியேதான் போகும். டிஎம் மற்றவர்களுக்கு எதிரணி கிடையாது. அரக்கர்களை ஆட்டுவிப்பது அவர்தான் என்றாலும், அவர் வேலை ஜெயிப்பதல்ல. சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, நியாயமாகப் பதில் சொல்வது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

நடுவர் வந்த கதை

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் டிஎம் எதற்கு என்பது இன்னும் நன்றாக விளங்கும். பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின்மேல் போர்ப் பயிற்சி செய்யக் கிரீக்ஸ்ஷ்பீல் என்றொரு ஆட்டம் வைத்திருந்தார்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி அதற்கு எழுதிய விதிகளில், இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரு நடுவர் உண்டு. அணிகள் தங்கள் கட்டளைகளை அவரிடம் கொடுக்கும். அந்தந்தப் படையின் கண்ணுக்கு எட்டுவதை மட்டும் அவர் திருப்பிச் சொல்வார்.

அந்த யோசனை ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் கழித்து அமெரிக்காவின் மினசோட்டாவில் புது உருவம் எடுத்தது. அங்கே டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் ஆட்டம் நடத்தினார். படைத்தளபதிகள் மட்டுமல்லாமல், ஊர் மேயர் போன்ற பொறுப்புகளையும் ஆட்களுக்குக் கொடுத்தார். வந்தவர்கள் போரை மறந்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் ரகசியமாகப் பேரம் பேசத் தொடங்கினார்கள். விதியில் இல்லாத காரியங்களைச் செய்யப்போவதாகச் சொன்னார்கள். வெஸ்லி அந்தந்த நேரத்தில் யோசித்து முடிவு சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் இதே முறையில் பிளாக்மூர் என்ற மந்திர உலகத்தை உருவாக்கி, அதைத் தொடர்ந்து நடத்தினார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்தார். 1974இல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள்.

நடுவர் என்று ஒரு மனிதர் இருப்பதால், விதியில் எழுதாத காரியத்தையும் செய்து பார்க்கலாம். சதுரங்கத்தில் குதிரையை எதிரி ராஜாவிடம் தூது அனுப்ப முடியாது. இந்த ஆட்டத்தில் முடியும். ராஜா அதைக் கேட்டு என்ன சொல்வார் என்பதை யோசிக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கணினி விளையாட்டுகள் எவ்வளவு அழகாக வந்தாலும் இந்த ஆட்டம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

என்ன வாங்க வேண்டும்?

தொடக்கத்தில் அநேகமாக எதுவும் வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இவை 2014இல் வந்த விதிகள். 2024இல் திருத்திய பதிப்பும் வந்திருக்கிறது. நான் இங்கே கொடுக்கும் எண்கள் எல்லாம் 2014 விதிகளின்படி. எந்தப் பதிப்பானாலும் சரி, எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டால் போதும். தடித்த புத்தகங்கள் மூன்றையும் முதல் நாளே வாங்காதீர்கள். நாலைந்து முறை ஆடிய பிறகு வாங்கினால், எந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

பகடைகள் ஒரு செட் என்றால் ஏழு: 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, 10 முகம் இரண்டு. இணையக் கடைகளில் கிடைக்கும். வரும்வரை கைபேசியில் பகடைச் செயலி போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். கணக்கில் அதுவும் இருபது முகப் பகடையும் ஒன்றேதான். பொம்மைகளோ கட்டம் போட்ட வரைபடமோ தேவையில்லை. சண்டை வந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் சுவரையும் கதவையும் கோடாக வரைந்து, புளியங்கொட்டைகளை வைத்தால் போதும்.

ஆட்கள் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். டிஎம் தவிர நான்கு பேர் சரியான அளவு. மூன்றும் சரி. ஆறு என்றால் ஒருவர் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடும். கைபேசி வெளியே வந்துவிடும். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, எல்லோரும் மூன்று மணி நேரம் எழுந்து போகாமல் இருக்க முடிகிற நாளாகப் பாருங்கள்.

இருபது முகப் பகடை

விதிப்புத்தகம் முந்நூறு பக்கத்துக்கு மேல் போனாலும் அச்சாணி ஒன்றுதான். இருபது முகப் பகடையை உருட்டு. உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு. டிஎம் மனதில் வைத்திருக்கும் இலக்கு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி. எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதுக்கு 20. முதல் நாளில் இந்த மூன்று எண்கள் ஞாபகம் இருந்தால் நீங்கள் நடத்திவிடலாம்.

கூட்ட வேண்டிய எண் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. 10 என்றால் சராசரி மனிதர், கூட்ட ஒன்றுமில்லை. அதற்குமேல் இரண்டு இரண்டாக ஏற ஏற ஒன்று கூடும்: 12க்கு 1, 14க்கு 2, 16க்கு 3. பயிற்சி பெற்ற காரியமாக இருந்தால் முதல் லெவலில், அதாவது பாத்திரத்தின் தொடக்க நிலையில், இன்னும் 2. ஆக 16 வலிமை உள்ள ஃபைட்டர் வாளை வீசும்போது பகடையோடு 5 கூட்டுவார். எதிரியை வெட்ட 15 தேவை என்றால் பகடையில் 10 அல்லது அதற்குமேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகங்கள் அவருக்குச் சாதகம், அதாவது 55 சதவீதம்.

நிலைமை ஒருவருக்கு நன்றாக உதவுகிறது என்றால், இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கு அட்வான்டேஜ் என்று பெயர். அதே 55 சதவீதம் கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். இடைஞ்சல் இருந்தால் இரண்டில் சிறியது. அப்போது 30க்கு இறங்கிவிடும். மழை, இருட்டு, நல்ல பொய், புத்திசாலித்தனமான யோசனை எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி தேட வேண்டியதில்லை. "இது உதவுமா, தடுக்குமா?" என்று கேட்டுக்கொண்டு இந்த ஒன்றைப் பயன்படுத்துங்கள். இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பாத்திரங்களை முதல் நாளில் உட்கார்ந்து உருவாக்க வேண்டாம். முதல் முறை என்றால் அதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். புதியவர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே சலித்துவிடுவார்கள். தயார்நிலைப் பாத்திரத் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, பெயரையும் ஓர் ஆசையையும் மட்டும் அவர்களே எழுதட்டும். ஆசை என்றால் 'தங்கையைக் கண்டுபிடிக்க வேண்டும்', 'கடனை அடைக்க வேண்டும்' என்பது போல ஒற்றை வரி. பாத்திரத்துக்கு உயிர் வருவது அந்த வரியிலிருந்துதான்.

கதை எழுதாதீர்கள்

புதிதாக டிஎம் ஆகிறவர்கள் உற்சாகத்தில் செய்யும் காரியம் இது: முதலில் வீரர்கள் இங்கே போவார்கள், அப்புறம் கிழவரைச் சந்திப்பார்கள், அவர் வரைபடம் தருவார், பிறகு குகை என்று முழுக்கதையும் எழுதி வைப்பது. ஆட்டக்காரர்கள் இரண்டாவது நிமிடமே வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். அப்போது டிஎம் அவர்களை இழுத்துப் பிடிக்கத் தொடங்குவார். "என்ன பண்றீங்க?" என்ற கேள்வி அங்கேயே பொய்யாகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு நிலைமையைத் தயார் செய்யுங்கள். யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும். ஒரு தாளின் ஒரு பக்கம் போதும். நீங்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்த ஓர் உதாரணம் தருகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு கிராமம். கணவாய் வழியாக வரும் உப்பு வண்டி மூன்று நாளாக வரவில்லை. கணவாயில் பாழடைந்த காவல் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதில் இப்போது ஐந்து கோப்ளின்கள் குடியேறியிருக்கின்றன. கோப்ளின் என்பது சிறு பிள்ளை உயரத்துக்கு இருக்கும், தந்திரமும் பயமும் நிறைந்த இனம். வண்டியை மறித்து, வண்டிக்காரரைக் கட்டிப்போட்டது அவைதான். ஆனால் அவை ஆசைப்பட்டு அங்கே வரவில்லை. அவற்றின் குகையை ஓர் ஓகர் பிடித்துக்கொண்டது. ஓகர் என்றால் பத்தடி உயர மூர்க்க அரக்கன். கோப்ளின்களுக்குக் குகை திரும்ப வேண்டும். ஓகருக்குத் தீனியும் தூக்கமும் வேண்டும். ஊர்த் தலைவிக்கு உப்பும் வண்டிக்காரரும் வேண்டும். 50 பொற்காசு தருவதாகச் சொல்கிறார். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால், நாளை இரவு வண்டி மாடுகளின் வாடையை மோப்பம் பிடித்து ஓகர் கோபுரத்துக்கே வந்துவிடும்.

இவ்வளவுதான் தயாரிப்பு. இதில் எங்கும் 'பிறகு வீரர்கள் இதைச் செய்வார்கள்' என்ற வரி இல்லை. கோப்ளின்களை வெட்டலாம், பேரம் பேசலாம், இரவில் நுழைந்து வண்டிக்காரரை மட்டும் மீட்கலாம், கோப்ளின்களையே சேர்த்துக்கொண்டு ஓகரை விரட்டலாம். எதைச் செய்தாலும் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

கோப்ளின்களை விரட்டியது ஓகர் என்ற செய்தி முக்கியமானது என்பதால், அதை ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள். குறைந்தது மூன்று வழியில் தெரியவரட்டும். பாதையில் ஒரு முழ நீளக் காலடித் தடம், கை உடைந்த ஒரு கோப்ளின், வண்டிக்காரர் காதில் விழுந்த பேச்சு. ஆட்டக்காரர்கள் இரண்டைத் தவறவிட்டாலும் மூன்றாவதில் பிடித்துக்கொள்வார்கள். தாளின் ஓரத்தில் பத்துப் பெயர்களையும் எழுதி வையுங்கள். வழியில் பார்க்கும் ஆடு மேய்ப்பவரிடம் கட்டாயம் யாராவது பெயர் கேட்பார்கள்.

மேசையில்

டிஎம்மாக இருப்பது ஒரு கல்லூரிப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அவள் தம்பி ஃபைட்டர், சித்தப்பா கிளெரிக், பக்கத்து வீட்டு அக்கா ரோக், மாமா மகள் விசார்ட். கோபுரத்தை நெருங்கிவிட்டார்கள்.

"கோபுரத்தடியில ரெண்டு கோப்ளின் உக்காந்திருக்கு. மூட்டையில கைய விட்டு உப்பை நக்கிட்டு இருக்கு. உங்கள இன்னும் பாக்கல. என்ன பண்றீங்க?"

"நான் வாளை உருவிட்டு ஓடறேன்!" என்கிறான் தம்பி.

"இருடா, நான் மொதல்ல பின்பக்கமாப் போய் மேல எத்தனைன்னு பாக்கறேன்," என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

"சரிக்கா. பின்பக்கம் கல்லு சரிஞ்சு கெடக்கு, சத்தம் வரலாம். ஸ்டெல்த் உருட்டுங்க."

பகடையில் 9. ரோக்குக்கு ஒளிந்து நடப்பதில் 7 கூடும், மொத்தம் 16. கோப்ளின் கவனிக்கும் திறன் 9தான்.

"ஒரு கல்லுகூட அசையல. மேல இன்னும் மூணு கோப்ளின். ஒண்ணோட கை ஒடஞ்சு தொங்குது, கண்ண மூடி முனகிட்டு இருக்கு. மூலையில வண்டிக்காரரைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"கை ஒடஞ்சிருக்கா?" சித்தப்பா நிமிர்ந்து உட்காருகிறார். "அப்ப நான் ஆயுதத்தக் கீழ வச்சுட்டு, வைத்தியம் பண்ண வந்திருக்கேன்னு சொல்லிட்டு நேரா நடந்து போறேன்."

டிஎம் இதை எதிர்பார்த்திருக்கவே மாட்டாள். ஆனாலும் அவளிடம் பதில் இருக்கிறது. கோப்ளின்கள் பயந்துபோய் இருக்கின்றன, அவற்றுக்கு உதவி வேண்டும். ஆகவே சம்மதிக்க வைப்பது எளிது, இலக்கு 10. "அதுங்க வில்லை நீட்டுது, ஆனா விடல. பர்சுவேஷன் உருட்டுங்க சித்தப்பா."

இந்தச் சின்ன உரையாடலில் டிஎம்மின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. "சத்தம் வரலாம்" என்று உருட்டும் முன்பே ஆபத்தைச் சொல்லிவிட்டாள். தோற்றால் என்ன ஆகும் என்பது தெரிந்து செய்யும்போதுதான் அந்த முடிவு ஆட்டக்காரருடையது. எல்லாவற்றுக்கும் பகடை கேட்கவும் இல்லை. வெற்றி, தோல்வி இரண்டுமே ஆட்டத்தை முன்னால் நகர்த்துமானால் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். பூட்டு திறக்கவில்லை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று உருட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் சுவையாக இருக்காது. தோற்றால் பூட்டு திறக்கட்டும், ஆனால் உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்ளட்டும்.

யாராவது விசித்திரமான யோசனை சொன்னால் 'முடியாது' என்று முதலில் வாயில் வருவதை நிறுத்திக்கொண்டு, எவ்வளவு கடினம், என்ன விலை என்று யோசியுங்கள். உப்பு மூட்டையை ஓகரின் கண்ணில் வீச வேண்டுமா? வீசலாம், ஆனால் பத்தடி பக்கத்தில் போக வேண்டும். அதற்காகத் தம்பி பறந்து போகிறேன் என்றால் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. உலகம் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நேற்று சுட்ட நெருப்பு இன்றும் சுட வேண்டும்.

விதி மறந்துபோனால் ஒரு நிமிடத்துக்குமேல் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். நியாயமாகத் தோன்றும் ஒரு முடிவைச் சொல்லி, "இன்னைக்கு இப்படி வச்சுக்கலாம், அப்புறம் பாத்துச் சொல்றேன்" என்று நகர்ந்துவிடுங்கள். குரல் மாற்றி நடிக்க வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். தமிழில் பேசி ஆடுவதால் ஒரு வசதி இருக்கிறது: ஊர்த் தலைவி ஃபைட்டரை "தம்பி, உக்காருப்பா" என்பதும், காவலாளி "டேய், யாருடா நீ?" என்பதும் ஆளைக் காட்டிவிடும்.

சண்டை வந்தால்

எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்டிச் சுறுசுறுப்பு எண்ணைக் கூட்ட வேண்டும். பெரிய எண் முதலில். இதற்கு இனிஷியேட்டிவ் என்று பெயர். தன் முறை வரும்போது ஒருவர் முப்பது அடி வரை நகரலாம், ஒரு காரியம் செய்யலாம். ஒரு சுற்று என்பது கதையில் ஆறு வினாடி. தாக்கினால், எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது தற்காப்பு எண்தான் இலக்கு. பட்டால் ஆயுதத்துக்கான பகடையை உருட்டி, அந்த அளவை எதிரியின் ஹிட் பாயிண்டிலிருந்து, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணிலிருந்து, கழிக்க வேண்டும்.

கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 7. அது அடித்தால் சராசரியாக 5 போகும். முதல் லெவல் விசார்டுக்கு மொத்தமே 7 அல்லது 8 ஹிட் பாயிண்ட்தான் இருக்கும். இரண்டு அடியில் சாய்ந்துவிடுவார். நான்கு புதிய பாத்திரங்களுக்கு இரண்டு கோப்ளின் லேசு, மூன்று கடினம், நான்கு என்றால் உயிராபத்து என்பதுதான் 2014 விதிகளின் கணக்கு. எண்ணிக்கை ஏற ஏற எதிரிக்குக் கிடைக்கும் தாக்கும் முறைகள் கூடுவதே காரணம். நம் கோபுரத்தில் கீழே இரண்டு, மேலே மூன்று என்று பிரித்து வைத்தது இதனால்தான். மாமா மகளின் விசார்டுக்குத் தூக்க மந்திரம் தெரிந்திருந்தால் அவள் எட்டு முகப் பகடையை ஐந்து தடவை உருட்டிக் கூட்டுவாள். சராசரியாக 22 வரும். ஏழு ஏழாக மூன்று கோப்ளின்கள் நின்ற இடத்திலேயே தூங்கிவிடும். அப்படி நடந்தால் மனதாரச் சந்தோஷப்படுங்கள். உங்கள் சண்டை கெட்டுவிட்டதே என்று நான்காவது கோப்ளினை எங்கிருந்தோ கொண்டுவராதீர்கள்.

ஓகர் வேறு கதை. அதற்கு 59 ஹிட் பாயிண்ட், ஓர் அடிக்குச் சராசரி 13. முதல் லெவலில் உடல் உறுதி 14 உள்ள ஃபைட்டருக்கே 12தான். நேருக்கு நேர் நின்றால் சுற்றுக்கு ஒருவர் விழ வாய்ப்பு. இந்த அளவு வித்தியாசம் ஆட்டத்தில் இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. ஆனால் முன்கூட்டியே கண்ணில் காட்டியாக வேண்டும். வேரோடு பிடுங்கிய மரம், ஒரே அடியில் நொறுங்கிய வண்டிச் சக்கரம் என்று. அப்போது அவர்கள் பள்ளம் தோண்டுவார்கள், மாட்டிறைச்சியில் மயக்க மருந்து வைப்பார்கள், கோப்ளின்களைக் கூட்டுச் சேர்ப்பார்கள். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் உடனே மரணம் இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் ஒன்றும் கூட்டாமல் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது மேலே மூன்று முறை விழுந்தால் பிழைப்பார், கீழே மூன்று முறை விழுந்தால் இறப்பார். இதற்குள் கிளெரிக் கை வைத்துக் காயம் ஆற்றினால் எழுந்து நிற்பார். மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் நேரம் அது. எதிரிகளும் கடைசி ஆள்வரை சண்டை போட வேண்டியதில்லை. பாதிப் பேர் விழுந்தால் கோப்ளின்கள் ஓடும், அல்லது காலில் விழும்.

மனிதர்களைக் கவனித்தல்

ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த மாதிரிக் கதை, எவ்வளவு பயங்கரம் இருக்கலாம், எது வரவே கூடாது. வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருக்கலாம். பிள்ளைகளைத் துன்புறுத்தும் காட்சியைத் தாங்க முடியாதவர் இருக்கலாம். பல மேசைகளில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டையை நடுவில் வைத்துவிடுவார்கள். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் திருடுவது, ஒருவரை ஒருவர் தாக்குவது இரண்டும் வேண்டாம் என்றும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இது மிக அவசியம்.

எந்த மேசையிலும் அதிகம் பேசும் ஒருவரும், பேசவே பேசாத ஒருவரும் இருப்பார்கள். அமைதியாக இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். "நீ என்ன பண்ற?" என்று பொதுவாகக் கேட்டால் திகைப்பார்கள். "கோப்ளின் உன்னையே உத்துப் பாக்குது. உன் கையில என்ன இருக்கு?" என்று கேட்டால் பதில் வரும். பெரியவர்கள் சிலருக்குப் பிள்ளைகள் முன்னால் பாவனை பண்ணிப் பேச ஆரம்பத்தில் கூச்சம் இருக்கும். அவர்கள் "என் கிளெரிக் இதைச் செய்கிறார்" என்றே சொல்லட்டும். அப்படிச் சொல்வதும் முழுமையான ஆட்டம்தான். பேசிப் பழகியபின் 'நான்' தானாக வந்துவிடும்.

பாதியில் டீ குடிக்க நிறுத்துங்கள். எண்ணெய்ப் பலகாரம் பாத்திரத் தாளில் படாத இடத்தில் இருக்கட்டும். நிறுத்துவதற்கு நல்ல நேரம், அவர்கள் ஒரு பெரிய முடிவெடுக்க வேண்டிய கட்டம். அந்தப் பதினைந்து நிமிடம் அவர்கள் தங்களுக்குள் வாதாடுவார்கள். நீங்கள் அடுத்து வருவதை யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

மூன்று மணி நேரம் முடிந்ததும், கதை எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். எழுந்து போவதற்கு முன்பே இரண்டு காரியம்: அடுத்த ஆட்டத்துக்கு நாள் குறிப்பது, அப்புறம் "அடுத்த தடவை எங்க போறீங்க?" என்று கேட்பது. அவர்கள் ஓகரின் குகைக்கு என்று சொன்னால் நீங்கள் குகையை மட்டும் தயார் செய்தால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்தைப் பற்றி இப்போது ஒரு வரிகூட எழுத வேண்டாம். அன்று இரவே, ஞாபகம் இருக்கும்போது, யாரைச் சந்தித்தார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், யாரைக் கோபப்படுத்தினார்கள் என்று குறித்து வையுங்கள். சித்தப்பா கை கட்டிவிட்ட கோப்ளின் இப்போது அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. குகைக்குள் இருக்கும் பின்வழி அதற்குத் தெரியும்.